நாலு இழுப்புக்கு ஒரு டீ

அருள்நாதன் இருபது வருஷம் தண்ணீருக்கு அடியில் வேலை பார்த்தவன். அந்த இருபது வருஷத்தில் தண்ணீருக்கு அடியில் அவன் ஒரு மீனைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் வடசென்னையில் டைவர் வேலை என்றால் அப்படித்தான். செங்குன்றம் ஏரியின் மதகில் இறங்கினால் சேறு. எண்ணூர் உப்பங்கழியோரத்துத் தொழிற்சாலைகளின் பம்ப் கிணற்றில் இறங்கினால் சாம்பல் கரைந்த தண்ணீர். துறைமுகத்தில் இறங்கினால் எண்ணெய். தலை மூழ்கியதும் முகத்துக்கு முன்னால் நீட்டிய சொந்தக் கையே தெரியாது. அதனால் அருள்நாதன் இறங்கும்போதே கண்ணை மூடிக்கொள்வான். மற்றதைக் கை பார்த்துக்கொள்ளும். போல்ட்டு முக்கால் அங்குலமா ஒரு அங்குலமா என்று விரல் சொல்லும். அடைத்துக்கொண்டிருப்பது வலையா, கிளையா, செத்த மாடா என்று உள்ளங்கை சொல்லும்.

இடுப்பில் கட்டிய கயிறு மேலே போகும். அதன் மறுமுனை அவன் மனைவி அடைக்கலமேரியின் தம்பி பாஸ்கல் கையில் இருக்கும். கீழே இருப்பவனும் மேலே இருப்பவனும் பேசிக்கொள்ள அந்தக் கயிறு ஒன்றுதான் வழி. ஒரு இழுப்பு என்றால் நன்றாக இருக்கிறேன். இரண்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால் தூக்கு. இது எல்லா டைவர்களுக்கும் பொதுவானது. மாமனும் மச்சானும் தங்களுக்கென்று இன்னொன்றும் வைத்திருந்தார்கள். நாலு இழுப்பு, அதுவும் படபடவென்று. வேலை முடிந்தது, டீ சொல்லு என்று அர்த்தம். அருள்நாதன் மேலே வந்து முகமூடியைக் கழற்றும்போது பாஸ்கல் கையில் டீ கிளாஸ் ஆவி பறக்க நிற்கும்.

கல்யாணமான புதிதில் இருவரும் வீட்டில் சமையல்கட்டுக்கும் வாசலுக்குமாகத் துணி உலர்த்தும் கொடியைப் பிடித்துக்கொண்டு இந்த இழுப்புகளைப் பழகுவார்கள். நடுவில் நடக்க வழியில்லாமல் அடைக்கலமேரி திட்டித் தீர்ப்பாள். திட்டித் திட்டியே அவளுக்கும் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஏரி மதகில் அருள்நாதனின் கை பலகை இடுக்கில் மாட்டிக்கொண்டது. பத்து நிமிஷம் போராடி ஒருவழியாக மேலே வந்தான். அன்று வீட்டுக்கு வந்தவனின் கையைப் பார்த்ததுமே அடைக்கலமேரிக்குப் புரிந்துவிட்டது. இடுப்புக் கயிற்றைச் சுருட்டி டிரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். சாவியைத் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டாள்.

"இனிமே அந்தக் கலீஜ் தண்ணில நீ எறங்கணும்னா, மொதல்ல இதை அறுத்துட்டுப் போ" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை அவனை மூன்று நாள் கப்பலில் ஏற்றி அந்தமானுக்கு அனுப்பிவைத்தது. அங்கே சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டும் ஒரு நிலையத்தில் ரோஷன் என்ற ராயபுரத்துக்காரர் பயிற்சியாளராக இருந்தார். அவர் மூலம் வேலை கிடைத்தது.

முதல் நாள் இறங்கியபோது அருள்நாதன் அலறாத குறைதான். வழக்கம்போல் கண்ணை மூடியவனை ரோஷன் தோளில் தட்டிக் கண்ணைத் திறக்கவைத்தார். திறந்தால், கீழே அறுபது அடி ஆழம் அப்படியே தெரிந்தது! எத்தனையோ ஆழங்களில் இறங்கியவன், ஆழம் என்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான். மொட்டை மாடி விளிம்பில் நிற்பதுபோல் கால் கூசியது. மஞ்சளும் நீலமுமாய் மீன் கூட்டம் கல்யாண ஊர்வலம்போல் அவனைத் தாண்டிப் போனது. இடுப்பைத் தடவினான். கயிறு இல்லை. யார் கையில் இருக்கிறோம் என்றே தெரியாத பயத்தில் பக்கத்துப் பவளப் பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். உள்ளங்கை முழுக்க நெருப்பு பட்டதுபோல் எரிந்தது.

"இது பம்ப் கிணறு இல்லப்பா" என்றார் ரோஷன், மேலே வந்ததும். "இங்க எதையும் தொடக்கூடாது. தொட்டா ஒனக்கும் கேடு, அதுக்கும் கேடு. ரெண்டு கையையும் மார்ல கட்டிக்க. கண்ணால பாரு, போதும்."

தொடாமல் எதுவும் புரியாத தண்ணீரிலிருந்து, எதையும் தொடக்கூடாத தண்ணீருக்கு வந்து சேர்ந்தவன் ஆறு மாசம் பாடுபட்டான். கை தானாக நீளும், இழுத்துக் கட்டுவான். மெல்ல மெல்லக் கை அடங்கியது. கண் விழித்தது. அடைக்கலமேரியும் இரண்டு வருஷமாக நிம்மதியாகத் தூங்கினாள்.

நிம்மதியாகத் தூங்கினாள் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

*

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஜூன் மாசம். மழைக்காலம் தொடங்கி அந்தமானில் நிலையத்தை மூடியதும், கோவில் திருவிழாவுக்கு அருள்நாதன் ஊர் வந்திருந்தான். மகள் ஜூடிக்குக் காட்ட நீல நிற முகமூடி ஒன்றையும் கொண்டுவந்திருந்தான். அவள் அதை மாட்டிக்கொண்டு பக்கெட் தண்ணீருக்குள் தலையை விட்டபடி கிடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பாஸ்கல் வந்தான். வந்ததும் வராததுமாகச் சீண்டத் தொடங்கினான்.

"இன்னா மாமா, அங்க மீனுக்கெல்லாம் பேரு வெச்சிக் கூப்புடுறியாமே? ரேஷன் கார்டு குடுத்துட்டியா?"

"நீ வந்து பாரு மச்சான். முப்பது அடி கீய ஒரு ரூவா காசு போட்டா, பூவா தலையான்னு மேலேர்ந்து சொல்லலாம்."

"அப்ப அது கடலு இல்ல மாமா. மீன் தொட்டி!"

ஜூடி முகமூடிக்குள்ளிருந்து கேட்டாள். "அந்தத் தண்ணி சோக்கா, நம்ம எண்ணூர் தண்ணி சோக்காப்பா?"

அருள்நாதன் பதில் சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் பாஸ்கலின் கையைக் கவனித்தான். கயிறு பிடிப்பவனுக்கு உள்ளங்கையில்தான் காய்ப்பு இருக்கும். இவனுக்கோ விரல் நுனியெல்லாம் கீறல். சிப்பி ஒட்டிய இரும்பைத் தடவுகிறவனின் கை அது.

"இன்னாடா இது விரல்ல?"

பாஸ்கல் கையை மடக்கினான். அடைக்கலமேரி அவசரமாக மீன் குழம்புக் கரண்டியை நீட்டினாள். "மொதல்ல சாப்புடுங்க ரெண்டு பேரும். ஆறிடப்போவுது."

அருள்நாதன் சாப்பிட்டான். அந்தக் கேள்வியையும் அப்போதைக்கு விழுங்கிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குச் செல்போன் அடித்தது. பம்ப் கிணற்று வேலைகளை மேற்பார்க்கும் ராசையா பேசினார்.

"அருளு, ஒடனே எண்ணூருக்கு வா. பாஸ்கலு கிணத்துல கீய மாட்டிக்கினான்."

"கீயவா? அவன் கயிறு புடிக்கிற ஆளாச்சே அண்ணே?"

"நீ போனதுலேர்ந்து அவன்தானேப்பா எறங்கிக்கினு கீறான். ஒனக்குத் தெரியாதா?"

அருள்நாதன் திரும்பினான். அடைக்கலமேரி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவள் கையிலிருந்த மீன் நழுவியது.

"பாஸ்கலா?" என்றாள். "அவனுக்கு இன்னா ஆச்சி?"

"எத்தினி நாளா எறங்குறான்? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நான்தான் சொல்ல வேணாம்னேன். தெரிஞ்சா நீ திரும்பி வந்து நிப்பே. ஒன்னைக் காப்பாத்துறதா நெனச்சிக்கினு, எங்க அம்மா பெத்த புள்ளைய அந்தத் தண்ணிக்குத் தூக்கிக் குடுத்துட்டேனே!" தலையில் அடித்துக்கொண்டாள். மீன் செதில் நெற்றியில் ஒட்டியது.

பதில் பேச நேரமில்லை. ஜூடியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அந்த வீட்டு பைக்கையே வாங்கிக்கொண்டு கிளம்பினான். நீல முகமூடி மட்டும் கையோடு வந்தது. வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அடைக்கலமேரி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். திருவொற்றியூர் தாண்டும்வரை கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் வண்டி புகுந்து புகுந்து போனது. அவள் அவன் சட்டையைப் பற்றியபடி மாதா மன்றாட்டைச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதியில் மறந்து மறந்து முதலிலிருந்து தொடங்கினாள்.

*

பம்புகளை நிறுத்தியிருந்தார்கள். கிணற்று மேடையில் காற்றுக் கம்ப்ரஸர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. சூடேறாமல் இருக்க அதன்மேல் ஈரச் சாக்குகளைப் போட்டு, இரண்டு பேர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கறுத்த தண்ணீருக்குள் இறங்கிப் போனது. பாஸ்கலின் மூச்சு அந்தக் குழாய்க்குள்தான் இருந்தது.

ராசையா பாஸ்கலின் கயிற்றைப் பிடித்தபடியே திரும்பினார். "கிணத்து வாய்ல குப்பையத் தடுக்குற கம்பிச் சட்டம் கீதுல்ல, அது சொருவி நிக்கிற காடியை வுட்டு சரிஞ்சிட்ச்சி. அப்பாலேர்ந்து ஆளு நகரல. உசுரோட கீறான், இழுத்தா பதில் இழுக்குறான். மேல சங்கிலி ரெடியா கீது. ஆனா கொக்கிய எங்க மாட்டுறதுன்னு கீய போய்த்தான் பாக்கணும். தப்பா தூக்குனா சட்டம் அவன் மார் மேலயே சாஞ்சிடும். இன்னொரு டைவரு திருவிழா லீவுல ஊருக்குப் போயிட்டான். தீயணைப்பு ஆளுங்க வர ஒரு மணி நேரமாவுமாம். கம்ப்ரஸர் அதுவரைக்கும் தாங்குமான்னு தெரியல."

அவசரத்துக்கென்று ஒரு காற்றுச் சிலிண்டர் இருந்தது. அருள்நாதன் அதை முதுகில் மாட்டி, அதன் மூச்சுக்குழாயை வாயில் கடித்து, நீல முகமூடியைக் கண்ணுக்கு மாட்டினான். இடுப்பில் கயிறு கட்டினான். கயிறு இடுப்பில் இறுகியபோது இரண்டு வருஷம் கழித்து உடம்பு ஏதோ நினைவுக்கு வந்ததுபோல் சிலிர்த்தது.

"கயித்தை யாரு புடிக்கிறது?" என்றார் ராசையா. "நான் சங்கிலியாண்ட நிக்கணுமே."

"குடுங்க அண்ணே" என்றாள் அடைக்கலமேரி. "ரெண்டையும் எங்கிட்ட குடுங்க."

"அம்மா, இது..."

"ஒண்ணுன்னா நல்லா கீறேன். ரெண்டுன்னா நிறுத்து. மூணுன்னா தூக்கு. என் வூட்டுக் கொடில பழகுனது அண்ணே. குடுங்க!"

தம்பியின் கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டாள். புருஷனின் கயிற்றை வலது கையில் சுற்றிக்கொண்டாள். இடது கையால் மெல்ல ஒரு இழுப்பு இழுத்தாள். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு பலவீனமாக ஒரு இழுப்பு வந்தது. அவள் இரண்டு கயிறுகளையும் இன்னும் இறுகச் சுற்றினாள்.

"போ" என்றாள் அருள்நாதனிடம். "போயி எந்தம்பிய இட்டுனு வா. நீயும் வா."

*

தண்ணீர் தலைக்கு மேல் மூடியது.

அருள்நாதன் டார்ச்சை அடித்தான். கண்ணெதிரே பழுப்பாக ஒரு சுவர் எழுந்தது, அவ்வளவுதான். ஒளி பட்ட இடமெல்லாம் சாம்பல் துகள் புயலாகச் சுழன்றது. கண்ணை இன்னும் அகலமாகத் திறந்தான். ஒன்றுமில்லை. எது மேல், எது கீழ் என்று புரியவில்லை. மூச்சு வேகமாகியது. சிலிண்டர் காற்று வீணாகிறது என்று புத்தி சொன்னது, நெஞ்சு கேட்கவில்லை. இருபது வருஷம் சோறு போட்ட தண்ணீர் அவனை யார் நீ என்று கேட்டது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தான். சங்கிலிக் கொக்கியைப் பிடித்த கையும் டார்ச் பிடித்த கையும் மார்பில் குறுக்காகக் கட்டியிருந்தன. இரண்டு வருஷமாக ரோஷன் கட்டவைத்த கட்டு. எதையும் தொடாதே, கண்ணால் பார். இந்தக் கிணற்றில் அந்தப் பாடம் உயிரைக் குடித்துவிடும். தெரிந்தும் கையை நீட்ட முடியவில்லை. கண் பார்க்காத இடத்தில் கையை நீட்ட அவனுக்குப் பயமாக இருந்தது.

மேலே போய்விடலாமா? மூன்று இழுப்பு இழுத்தால் போதும். ஆனால் இழுத்ததும் மேலே அந்த வலது கை என்ன நினைக்கும்? இடது கையிடம் என்ன சொல்லும்?

அந்த நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று அவன் முகத்தில் மோதியது. ஒரு கை! பாஸ்கலின் கை. பக்கத்தில் ஆள் வந்தது தெரிந்ததும் பயத்தில் வெறிகொண்டு பிடித்தான். பிடி முகமூடியில் விழுந்தது. வாரோடு பிய்த்துக்கொண்டு அது போயே போய்விட்டது. டார்ச்சும் நழுவியது. உப்பும் சாம்பலும் கலந்த தண்ணீர் கண்ணில் பாய்ந்து மிளகாயாக எரிந்தது.

அருள்நாதன் கண்களை இறுக மூடினான்.

அந்தமான் கடலில் முகமூடி போனால் எல்லாம் போனதுபோல் இருக்கும். இங்கே கண்ணை மூடியதும் மூச்சு தானாக நிதானத்துக்கு வந்தது. இதுதான் அவன் இடம். மூடிய கண்ணுக்குள் இருக்கும் இருட்டு அவனுக்குப் பழக்கமானது. மார்பில் கட்டியிருந்த கைகள் மெல்ல அவிழ்ந்தன. விரல்கள் நீண்டன.

முதலில் பாஸ்கலின் தோள் தட்டுப்பட்டது. அதை அழுத்திப் பிடித்து, ஒருமுறை தட்டினான். அந்தத் தட்டிலேயே யாரென்று பாஸ்கலுக்குப் புரிந்திருக்க வேண்டும். வெறிபிடித்த கை அடங்கியது. பிறகு அருள்நாதனின் விரல்கள் கீழே நடந்தன. எடைக்குக் கட்டிய ஈய பெல்ட். தொடை. முட்டி. அதற்குக் கீழே சிப்பி ஒட்டிய இரும்பு. சட்டத்தின் கீழ்ப்பாகம் இடது பூட்ஸை நசுக்கிக்கொண்டிருந்தது. மேல்பாகம் சுவரில் சாய்ந்திருந்தது. நடுவில் பிடித்துத் தூக்கினால் கவிழும். ராசையா பயந்தது சரிதான். ஒவ்வொரு கம்பியாக எண்ணிக்கொண்டே போனான். ஏழாவது கம்பியைத் தாண்டி, மூலையில் கட்டை விரல் நுழையும் அளவுக்கு ஒரு இரும்பு வளையம். சிப்பியைச் சுரண்டினான். விரல் கிழிந்தது தெரிந்தது. வலி தெரியவில்லை. கொக்கியை மாட்டி இருமுறை அசைத்துப் பார்த்தான்.

இடுப்புக் கயிற்றை மூன்று முறை இழுத்தான்.

மேலே அடைக்கலமேரி, "தூக்குங்க அண்ணே, மெதுவா!" என்று கத்தியது எண்ணூர் முழுக்கக் கேட்டிருக்கும் என்று ராசையா பிற்பாடு சொன்னார்.

சங்கிலி விறைத்தது. சட்டம் முனகியது. ஒரு சாண் உயர்ந்ததும் அருள்நாதன் இரண்டு முறை இழுத்தான். சட்டம் நின்றது. பாஸ்கலின் காலைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. பூட்ஸின் கயிற்றை விரலால் தேடி அவிழ்த்து, மறுபடியும் இழுத்தான். பூட்ஸ் அங்கேயே தங்கியது. கால் வந்துவிட்டது!

பாஸ்கல் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். முதுகு குலுங்கியது. தண்ணீருக்கு அடியில் அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது? அருள்நாதனும் அழுதான்.

பிறகு பாஸ்கல் ஒரு காரியம் செய்தான். தன் கயிற்றைத் தேடிப் பிடித்தான். படபடவென்று நாலு முறை இழுத்தான்.

மேடையில் நடந்ததை ராசையா இன்றைக்கும் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வார். இடது கை நாலு முறை அதிர்ந்ததும் அடைக்கலமேரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். ஐயோ, என்னம்மா ஆச்சு என்று அவர் பதறி ஓடினாராம். அவளோ கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாளாம்.

"அண்ணே, டீ சொல்லுங்க. ரெண்டு டீ. எந்தம்பி கேக்குறான்!"

*

பாஸ்கலின் கணுக்கால் வீங்கியிருந்தது, எலும்பு முறியவில்லை என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் ராயபுரம் வீட்டில் அவன் காலைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தான். அக்கா அவனை வழியெல்லாம் திட்டி, வாசலில் ஒரு அறை விட்டு, உள்ளே வந்து கட்டிக்கொண்டு அழுது, இப்போது நெத்திலியைக் குழம்பில் போட்டுக்கொண்டிருந்தாள். கைகள் இரண்டிலும் கயிறு அறுத்த சிவப்புத் தடம் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

"சீசன் ஆரம்பிச்சதும் நீயும் எங்கூட கப்பல் ஏறுறே" என்றான் அருள்நாதன்.

"வேணாம் மாமா. கீய முப்பது அடி தெரியும்னு நீயே சொன்னே. எனக்குத் தெரிஞ்சா பயம்."

"எனக்கும் பயம்தான் மச்சான். ஆறு மாசம்."

"கயிறு இல்லாம நான் எறங்கவே மாட்டேன்."

"கட்டிக்கினே எறங்கு. பாக்குறவன் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான். நான் மேல நின்னு புடிக்கிறேன்."

பாஸ்கல் பதினாலு வருஷம் கயிறு பிடித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. அடைக்கலமேரி எட்டிப் பார்த்தாள். தம்பி தலையாட்டியதைக் கண்டதும், ரொம்ப நாளாக நெஞ்சில் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்ததுபோல் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

ஜூடி பள்ளிக்கூடம் இன்னும் திறக்காத சந்தோஷத்தில் வெளியிலிருந்து ஓடிவந்தாள். வீடு முழுக்கத் தேடினாள்.

"அப்பா, என் நீலக் கண்ணாடி எங்க?"

அருள்நாதன் பாஸ்கலைப் பார்த்தான். "ஒங்க மாமனைக் கேளு. அவன்தான் பிடுங்கிக் கிணத்துல போட்டான்."

"அய்யய்யோ! போயி எடுத்துக்கினு வரட்டுமா?" என்று பாஸ்கல் எழுந்திருப்பதுபோல் பாவனை செய்தான்.

சமையல்கட்டிலிருந்து கரண்டி பறந்து வந்தது. பாஸ்கல் தலையைக் குனிந்தான். அது சுவரில் பட்டு விழுந்தது. குழம்புத் துளி அருள்நாதனின் சட்டையில் தெறித்தது. நாலு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோவென்று ஓடிவந்து வாசலில் நின்றாள்.